இளைத்துப் போன எம்.டி.ராமநாதன்

போன மாதம் பரண் ஒழிக்கும்போது ஒரு பழைய டைரி கிடைத்தது. 2006-ஆம் வருடத்து டைரி. நவம்பர் மாதத்துப் பக்கம் ஒன்றில் என் கையெழுத்தில், "பெட்டி வந்தாச்சு. ஏமாற்றம்." அவ்வளவுதான். என்ன பெட்டி, என்ன ஏமாற்றம் என்று பெண் கேட்டாள். ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் லண்டனுக்குத் தெற்கே ஒரு பழைய மாளிகையில் ஆரம்பித்து, கென்ட் மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலை வழியாக வந்து, பெங்களூரில் உத்யான் எக்ஸ்பிரஸ் பிடித்து பூனாவில் இறங்க வேண்டும். அவள் மாளிகை வாசலிலேயே எழுந்து போய்விட்டாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன் :)

கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுற்றிக் கொள்ளுங்கள். 1994.

நான் பூனாவுக்கு வேலைக்கு வந்த வருடம். (பெயர் 'புணே' ஆகி வெகு நாளாகிறது. எங்கள் வீட்டில் இன்னும் பூனாதான்.) ராஸ்தா பேட்டில் ஒரே அறையில் நாலு பேர். அந்தப் பேட்டையில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருந்ததால் சாம்பாருக்குக் குறைவில்லை. ஆபீசில் எங்கள் பெரிய மேனேஜர் ஒரு பார்சி. கேம்ப் பகுதியில் ஓட்டுக்கூரை போட்ட, உத்தரம் பதினைந்தடி உயரத்தில் இருக்கும் பழைய வீடு. 1970-களில் சில வருடம் லண்டனில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்தக் காலத்தில் வெளிநாட்டு எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் போட்ட சுங்க வரி சில சமயம் சாமானின் விலையையே தாண்டும். வெளிநாட்டு வாசத்தை முடித்துக்கொண்டு குடிபெயர்ந்து வருபவர்களுக்கு மட்டும் 'டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்' என்று ஒரு சலுகை. அதில் அவர் கொண்டு வந்தது ஒரு குவாட் ஆம்ப்ளிஃபயர், இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள். "என் மனைவி வாஷிங் மெஷின் கேட்டாள். இன்று வரை சொல்லிக் காட்டுகிறாள்" என்பார்.

பெட்டி என்றால் நிஜமாகவே சின்னப் பெட்டி. ஒரு அடி உயரம், ஏழரை அங்குல அகலம், ஆறேகால் அங்குல ஆழம். பாட்டா செருப்பு வாங்கினால் தருவார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரிது. நான் வளர்ந்த கும்பகோணத்தில் ஒலி என்றால் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர். பெட்டியின் அளவைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக் கொண்டேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"உனக்கு ரொம்பத் தெரிந்த ஒரு குரலை எடுத்து வா. தெரியாத குரலை வைத்து ஸ்பீக்கரைச் சோதிக்க முடியாது."

அடுத்த சனிக்கிழமை கயானி பேக்கரி ஸ்ரூஸ்பரி பிஸ்கட் ஒரு டப்பாவும், அப்பா எனக்குக் கொடுத்தனுப்பிய எம்.டி.ராமநாதன் கேசட்டும் கொண்டு போனேன். எம்.டி.ஆரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: டைகர் வரதாச்சாரியாரின் சீடர், 1984-இல் காலமானார். மற்றவர்கள் எல்லாரும் பாடுகிற சுருதிக்குக் கீழே, மற்றவர்கள் எல்லாரும் பாடுகிற வேகத்துக்குப் பாதியில் பாடியவர். எங்கள் வீட்டில் அந்தக் கேசட் சாதாரண டேப் ரெக்கார்டரில்தான் ஓடும். அதில் அவர் குரல் குடத்துக்குள் இருந்து வருவது போல இருக்கும். அதுதான் அவர் குரல் என்று இருபத்து மூன்று வருடமாக நம்பிக் கொண்டிருந்தேன்.

அன்று அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், பெட்டி எதுவுமே இல்லாத வெற்றிடத்தில், ஒரு கனத்த உடம்புக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினார். மூச்சு எடுப்பது கேட்டது. கீழே இறங்கும்போது குரல் நெஞ்சில் இருந்து வருவது தெரிந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இந்த மனிதர் அவசரமே படமாட்டாரா?" என்றார். அதற்கப்புறம் பல சனிக்கிழமைகள், "அந்த அவசரப்படாதவரைப் போடு" என்று அவரே கேட்பார். கல்யாணமான புதிதில் தங்கமணியையும் கூட்டிப் போயிருக்கிறேன். அவளுக்கு என்னைவிடப் பாட்டும் தெரியும், காதும் கூர்மை.

அந்தப் பெட்டியின் பெயர் எல்எஸ்3/5ஏ. பிபிசி வடிவமைத்தது. எங்கள் வீட்டில் பிபிசி என்றால் தமிழோசை. 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை வானொலியில் வந்ததே, அது. சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே அப்பா காதை வைத்துக் கேட்டுக் கொண்டிருப்பார். அதே பிபிசி ஸ்பீக்கர் செய்ததா என்று அப்பாவுக்குக் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை.

2001-இல் பெரியவர் கனடாவில் இருக்கும் பெண்ணோடு போய்ச் சேர்ந்துகொள்வதாக முடிவு செய்தார். சாமான்களைப் பிரித்துக் கொடுத்துக் கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "இந்த இரண்டையும் நீ எடுத்துக்கொள். முடிந்ததைக் கொடு" என்றார்.

நான் வேண்டாம் என்றேன்.

வீட்டுக் கடன் ஒரு காரணம், கைக்குழந்தை ஒரு காரணம். இவை இரண்டும் அவரிடம் சொன்னவை. சொல்லாதது வேறு. நான் பொட்டி தட்டுகிறவன். வெர்ஷன் நம்பர் ஏறினால் சரக்கு தேறும் என்பது எங்கள் ஜாதியின் வேதவாக்கு. அவருடைய ஜோடி இருபது வருடத்துப் பழசு, 15 ஓம். 1987-இல் இதையே திருத்தி 11 ஓம் என்று புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். பிற்பாடு கையில் காசு சேரும்போது அதை வாங்கலாமே, பழசு எதற்கு? அதையும் வாய் சும்மா இல்லாமல், "வாங்கினால் புதிதாகவே வாங்கிக் கொள்கிறேன் சார்" என்று உளறியும் வைத்தேன். அவர் "சரி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜோடி மும்பையில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிற்று.

2006-இல் பெங்களூரில் ஒருவர் தன் 11 ஓம் ஜோடியை விற்கப் போவதாகத் தெரிய வந்தது. இந்த வடிவத்தைப் பல கம்பெனிகள் பிபிசியிடம் உரிமம் வாங்கிச் செய்தன. இது அதில் எந்த முத்திரை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அந்த வருட போனஸை அப்படியே கொடுத்து வாங்கினேன். பெட்டி ஒன்று ஐந்து கிலோவுக்கு மேல். உத்யான் எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க இரண்டையும் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கால் நீட்டாமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லை. ஒயரை மாட்டி, எம்.டி.ஆர் சிடியைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. தெளிவாக இருந்தது. தம்பூரா தனியாகக் கேட்டது. ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று காற்றுப் போன பலூன் மாதிரி இறங்கியது. காரணம் சொல்லத் தெரியவில்லை. சமையலறையில் இருந்து கரண்டியோடு தங்கமணி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எம்.டி.ராமநாதன் இளைச்சுப் போயிட்டாரே?"

அன்று ராத்திரிதான் டைரியில் அந்த வரி.

கனடாவுக்குப் போன் போட்டேன். பெரியவர் சிரித்தார். "என்ன ஆம்ப்ளிஃபயர்? என்ன தரை? சுவருக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரம்?" என்று டாக்டர் மாதிரி வரிசையாகக் கேட்டுவிட்டு, "என் ஸ்பீக்கரை நீ கேட்டதே இல்லை. என் வீட்டைக் கேட்டாய்" என்றார். அவர் சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அப்புறம்தான் இந்தப் பெட்டியின் பூர்வோத்தரத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட என் ஏமாற்றத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்று ஒரு மாளிகை. பிபிசியின் ஆராய்ச்சித் துறை 2010-இல் இடம் மாறும் வரை பல பத்தாண்டுகள் அங்கேதான் இருந்தது. ஒரு வானொலி நிறுவனம் ஏன் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்ய வேண்டும்? ஒலிப்பதிவு செய்கிறவர் ஸ்பீக்கரில் கேட்டுத்தான் மைக்கை நகர்த்துகிறார், ஏற்றி இறக்குகிறார். ஸ்பீக்கர் பொய் சொன்னால் அந்தப் பொய்யைத் திருத்துகிறேன் பேர்வழி என்று நல்ல ஒலியைக் கெடுத்துவிடுவார். அந்தக் கெட்ட ஒலி நாடு முழுக்கப் போகும். அதனால் அவர்கள் இசையைவிட மனிதப் பேச்சை வைத்துத்தான் அதிகம் சோதித்தார்கள். பழகிய ஒரு ஆளின் குரலைப் பதிவு செய்து, ஆளையும் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்பது. வயலின் கொஞ்சம் மாறினால் நமக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாறினால் தெரிந்துவிடும். (பெரியவர் சொன்னதும் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.)

1970 வாக்கில் அங்கே ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி நடந்தது. ஸ்டூடியோ கட்டும் முன் அதன் ஒலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, எட்டில் ஒரு பங்கு அளவில் பொம்மை ஸ்டூடியோ கட்டி அதற்குள் ஒலியை விட்டுப் பார்ப்பது. பொம்மை ஸ்டூடியோவின் முடிவைக் கேட்டுப் பார்க்க உருவான சின்ன ஸ்பீக்கர் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்துவிட்டது. அதே சமயம், வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில் ஒரு தலைவலி இருந்தது. வேனுக்குள் ஆள் உட்காரவே இடமில்லை. பெரிய ஸ்பீக்கர் எங்கே வைப்பது? ஹெட்போனும் சரிப்படவில்லை. இரண்டும் சேர்ந்து எல்எஸ்3/5 பிறந்தது. 'எல்எஸ்' லவுட்ஸ்பீக்கர், '3' வெளிப்புற ஒலிபரப்பு, '5' வரிசை எண்.

உள்ளே இருந்த இரண்டு உறுப்புகளும் கென்ட் மாவட்டத்துக் கேஇஎஃப் கம்பெனியின் சரக்கு. 1961-இல் ரேமண்ட் குக் என்ற முன்னாள் பிபிசி எஞ்சினியர் ஆரம்பித்தது. கீழே பி110 என்னும் ஐந்தங்குல ஊஃபர். காகிதக் கூம்புக்குப் பதிலாக பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக், அதன் மேல் அதிர்வை அடக்க ஒரு பூச்சு. மேலே டி27 என்னும் ட்வீட்டர், 19 மில்லிமீட்டர் குவிமாடம். இரண்டையும் வடிவமைத்தவர் மால்கம் ஜோன்ஸ்.

பெட்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. கனமான, இறுக்கமான பெட்டிதான் நல்லது என்று பொதுவாக நினைப்போம். பிபிசியின் எச்.டி.ஹார்வுட் நேர்மாறாக யோசித்தார். கனமான பெட்டியும் எங்கோ ஒரு இடத்தில் அதிரத்தான் போகிறது. நம் காது கூர்மையாக இருக்கும் நடு ஸ்தாயியில் அதிர்ந்தால் ஆபத்து. ஆகவே 12 மில்லிமீட்டர் பர்ச் ப்ளைவுட்டில் மெல்லிய சுவர், உள்பக்கம் தார் அட்டை ஒட்டி அடக்கம். வெண்கலப் பானையை ஈரத்துணி சுற்றித் தட்டினால் 'டங்' போய் 'டொக்' ஆகுமே, அது மாதிரி. சுவர்களை இணைக்கும் உள் சட்டம்கூட பீச் மரத்தில்தான் இருக்க வேண்டும். பரானா பைன் மரத்தில் செய்தபோது குரலில் மாறுதல் கேட்டதாம். சட்டத்து மரம் மாறினால் கண்டுபிடிக்கிற காதுகள்!

இப்போது கவனியுங்கள், என் கதை இங்கேதான் திரும்புகிறது. எல்எஸ்3/5 கொஞ்சம் எண்ணிக்கையில்தான் செய்தார்கள். வேன்காரர்களுக்குப் பிடித்துப் போய், இன்னும் வேண்டும் என்றார்கள். செய்யப் போனால் கேஇஎஃப் அனுப்பிய பி110-ம் டி27-ம் பழைய மாதிரி இல்லை. இடைப்பட்ட காலத்தில் மாறியிருந்தன. பழைய கிராஸ்ஓவரோடு புது உறுப்பைப் போட்டால் ஒலி பொருந்தவில்லை. (கிராஸ்ஓவர் என்பது எந்த ஒலி ஊஃபருக்கு, எது ட்வீட்டருக்கு என்று பந்தி பிரிக்கும் சர்க்யூட். இதில் 3 கிலோஹெர்ட்ஸில் இலை மாறும்.) வாட்டன், மில்ஸ் என்ற இரண்டு எஞ்சினியர்கள் உட்கார்ந்து கிராஸ்ஓவரையும் பெட்டியையும் திருத்தினார்கள். ட்வீட்டரைச் சுற்றித் தடித்த ஃபெல்ட் பட்டை வந்தது. திருத்தியதற்கு அடையாளமாகப் பெயரில் ஒரு 'ஏ' சேர்ந்தது. ஹார்வுட்டும் இந்த இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1976-இல் வெளியானது.

ஆக, உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் எல்எஸ்3/5ஏ-யே ஒரு புது வெர்ஷன்தான். முதல் வெர்ஷனைத் திரும்பச் செய்ய முடியாமல் போனதால் வந்தது. பெரியவர் வீட்டுக் கூடத்தில் நான் 'அசல்' என்று கும்பிட்டது அதைத்தான்.

வெளிக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், குட்மான்ஸ், ஹார்பெத் என்று பட்டியல் நீளும். ஸ்பெண்டார் முன்னாள் பிபிசிக்காரர் ஸ்பென்சர் ஹியூஸும் அவர் மனைவி டோரதியும் சேர்ந்த பெயர். ஹார்பெத், நம் ஹார்வுட் பிபிசியை விட்டு வெளியே வந்து 1977-இல் தொடங்கியது. அவர் பெயரில் பாதி, மனைவி எலிசபெத் பெயரில் பாதி. (தங்கமணியிடம் சொன்னேன். "நீங்க என் பேர்ல ஒரு எல்ஐசி பாலிசிகூட எடுக்கலை" என்றாள்.)

யார் செய்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் சாரம். பிபிசி வைத்திருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டால் பொருந்த வேண்டும். ஒரு பெட்டி கெட்டால் இன்னொன்றை வைத்து வேலையைத் தொடர வேண்டும் அல்லவா? ஆனால் பி110 கையால் பூச்சு பூசுகிற சமாசாரம். பிளாஸ்டிக், பூச்சு, விளிம்பு ரப்பர் எது கொஞ்சம் மாறினாலும் ஒலி மாறும். வருடத்துக்கு வருடம் துளித்துளியாக நகர்ந்தது. 1980-களின் நடுவில் உட்கார்ந்து அளந்து பார்த்தால், புதிதாக வரும் பெட்டிகள் ஆரம்ப மாதிரியில் இருந்து விலகியிருந்தன. கழித்துப் போட வேண்டிய ஊஃபர்களும் அதிகமாயின.

அதைச் சரிசெய்யத்தான் 1987-இல் ஊஃபரைத் திருத்தி, கிராஸ்ஓவரைப் புதிதாகப் போட்டு, 11 ஓம் வந்தது. புதுமைக்காக மாற்றவில்லை, காசு மிச்சம் பிடிக்கவும் மாற்றவில்லை. வழிதவறிப் போனதைப் பழைய பாதைக்கு இழுத்து வர மாற்றினார்கள். நான் உத்யான் எக்ஸ்பிரஸில் தூக்கி வந்து, ஏமாற்றம் என்று எழுதிய ஜோடி இந்த வகை.

அப்படியானால் எம்.டி.ஆர் ஏன் இளைத்தார்?

அஞ்சு லிட்டர் பெட்டியில் நிஜமான அடிநாதம் வராது. 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரக்கு இல்லை. ஆனால் 100 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே இந்த வடிவத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. அந்த மேட்டைக் கேட்டு, கீழேயும் ஏதோ இருக்கிறது என்று காது நம்பிவிடும். ஆண் குரலின் அடிப்பகுதி அந்த வட்டாரத்தில்தான் நடமாடுகிறது. கீழ்ச் சுருதிக்காரரான எம்.டி.ஆருக்கு அது பட்டுமெத்தை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவர்களில் பலர், 15 ஓமில் குரலுக்குச் சதைப்பிடிப்பு அதிகம், 11 ஓம் சற்று வறண்டது, ஆனால் நேர்மையானது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்படியென்றால் கேம்ப் வீட்டில் நான் கேட்ட கனத்த சரீரத்தில் கொஞ்சம் பி110 போட்ட சதை. அதில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதற்கும் ஒரு நாள் பதில் கிடைத்தது, நான் நினைத்த விதத்தில் அல்ல. 2011-இல் பெரியவர் கனடாவில் காலமானார். அடுத்த வருடம் மும்பை போனபோது, துக்கம் விசாரிக்க அந்த உறவினர் வீட்டுக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டேன். "ஒன்றை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டேன். இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பாருங்கள்" என்றார். ஜோடி ஜோடியாகப் பொருத்தி எடுத்து, சேர்த்தே விற்ற பெட்டிகள். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையிலும் கண்ணில் ஒற்றிக் கொள்வார்கள். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அது இரண்டு மரப்பெட்டி. 2001-இல் நான் வாயை மூடிக்கொண்டு "சரி சார்" என்றிருந்தால் இரண்டும் என் கூடத்தில் இருந்திருக்கும்.

மிச்சம் இருந்த ஒன்றைக் கேட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். முன்துணி ஒரு ஓரம் கிழிந்திருந்தது. ஃபெல்ட்டைப் பூச்சி அரித்திருந்தது. பின்பக்கம் 15 ஓம் என்ற எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. துடைத்து, மாட்டினேன். ஆகாசவாணிப் பழைய பதிவுகள் எல்லாம் மோனோதானே, ஒன்று போதும். அதே ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் புதுசு ஒன்று, இன்னொரு பக்கம் பழசு. தங்கமணியைக் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றிப் போட்டேன். எது எது என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

"பழசில் கொஞ்சம் சாப்பிட்டிருக்கார். ஆனா அந்த வீட்டு எம்.டி.ராமநாதன் இதிலயும் இல்லை."

பெரியவர் சொன்னது சரி. பதினைந்தடி உயரம், மரச்சாமான், கனத்த திரைச்சீலை, ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். எங்கள் ஃப்ளாட்டில் ஒன்பதரை அடியில் கான்கிரீட்டும் வழவழ டைல்ஸும். ஒரு ஸ்பீக்கரின் கீழ் ஸ்தாயியைப் பெட்டி எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அதே அளவு அறையும் தீர்மானிக்கிறது. அதோடு எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்தக் கணக்கை எந்தக் கருவி அளக்கும்?

பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் 11 ஓமிலேயே எம்.டி.ஆர் கேட்டு வளர்ந்தவள். பழைய பெட்டியைக் கேட்டுவிட்டு, "இது யாருப்பா, தாத்தா குரல் இப்படிக் கொழகொழன்னு இருக்கு?" என்றாள். அவளுக்கு அசல் எது என்பதில் சந்தேகமே இல்லை.

மிச்ச வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் இறுதியில் கேஇஎஃப் அந்த இரண்டு உறுப்புகளையும் நிறுத்தியது. அதோடு 11 ஓமும் முடிந்தது. பிறகு வேறு கம்பெனி உறுப்புகளை வைத்து அதே ஒலியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். அப்படி வந்த ஸ்டர்லிங் நிறுவனத்தின் வி2-வுக்கு கிராஸ்ஓவர் போட்டவர் ஸ்பெண்டார் தம்பதியின் மகன் டெரெக் ஹியூஸ். 2014-இல் மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் நிறுவனம் பி110, டி27 இரண்டையும் பழையபடியே திரும்பச் செய்து, பிபிசி உரிமத்தோடு மறுபடி 15 ஓம் கொண்டு வந்தது. நாற்பது வருடம் முன்னால் போட்ட கணக்கை அதே மனிதரின் கம்பெனியே திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறது. அதையும் "பழசு மாதிரி இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 11 ஓம்தான் சரி என்று அடித்துப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை.

புது ஜோடி கூடத்தில் இருக்கிறது. பெண்ணின் ஹாஸ்டல் நாட்களில் இருந்து அது அவளுக்கு என்று பேச்சு. ஒற்றைப் பழசு சமையலறை அலமாரியில், எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவில். காலையில் ரேடியோச் செய்தி, ஞாயிறு மதியம் எம்.டி.ஆர். டப்பா நிறைய அரிசி இருந்தால் ஒலி ஒரு மாதிரி, காலியானால் வேறு மாதிரி என்கிறாள் தங்கமணி. சோதித்துப் பார்த்தேன், உண்மை போலத்தான் இருக்கிறது.

ட்வீட்டரைச் சுற்றியுள்ள ஃபெல்ட்டை மட்டும் இன்னும் மாற்றவில்லை. கால் அங்குலத்துக்கு மேல் தடிமனாக, அசல் கம்பளியாக வேண்டும். லக்ஷ்மி ரோடு பக்கம் ஹார்மோனியம் ரிப்பேர் செய்யும் கடைகளில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பூனாவாசிகள் யாருக்காவது நல்ல கடை தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.